கேள்வியை முதலில் படி, பாப்பா

பென்னாகரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆயாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ அனுப்பிய கட்டுரைத் தொடக்கத்தைப் படித்தேன். நடை சரளமாக ஓடுகிறது. என் கவலையே அதுதான். பக்கங்கள் நகர்ந்துகொண்டே போகின்றன, நீ என்ன சொல்ல வருகிறாய் என்பது மட்டும் தெரியவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடு.

'நகரங்களுக்கு இடம்பெயர்வது கூட்டுக் குடும்பத்தை உடைக்கிறதா? ஆராய்க' என்பது கேள்வி. நீ எழுதியிருப்பதோ இடம்பெயர்வின் வரலாறு. மழை பொய்த்தது, மானாவாரி நிலம் கைவிட்டது, நம் பக்கத்து ஆட்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். எல்லாம் உண்மைதான், ஆனால் ஏன் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. உடைந்ததா என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல, எதைக் குடும்பம் என்கிறோம் என்று முதலில் வரையறுத்தாக வேண்டும்.

உன் கட்டுரையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் நாங்கள் தெருத் தெருவாகப் போனோம். வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து, ஒரே சமையலறையில் உண்பவர்களை ஒரு குடும்பமாக எழுத வேண்டும் என்பது விதி. ஆக, அடுப்புதான் அளவுகோல். பெங்களூரில் தனி அடுப்பு மூட்டும் உன் சித்தப்பா அந்தக் கணக்கில் வேறு குடும்பம். பழைய ரேஷன் அட்டையில் அவர் நம்மோடு இருக்கிறார். கீழ்க்காட்டு நிலத்துக்குக் கூட்டுப் பட்டா. வருமான வரிச் சட்டமோ இந்துக் கூட்டுக் குடும்பத்தையே வரி கட்டும் ஒரு தனி அலகாகப் பாவிக்கிறது. எந்தத் தாளை வைத்து 'உடைந்தது' என்று தீர்ப்புச் சொல்லப் போகிறாய்?

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன குறிப்பேட்டைப் புரட்டினேன். சேர்ந்து குடியிருக்கும் இல்லம் வேறு, உறவால் அமையும் குடும்பம் வேறு என்று சமூகவியலாளர் ஏ.எம். ஷா பிரித்துப் பார்த்ததைக் குறித்து வைத்திருக்கிறாய். குஜராத்தின் மஹுவாவில் ஆய்வு செய்த ஐ.பி. தேசாய், தனித்தனியாகக் குடியிருப்பவர்களும் சொத்தாலும் பரஸ்பரக் கடமைகளாலும் கூட்டாகவே இருக்க முடியும் என்று சொன்னதற்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறாய். கட்டுரையில் இருவரையும் காணோம். தொழில்மயமாதல் குடும்பங்களைக் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற வடிவத்தை நோக்கித் தள்ளுகிறது என்று 1963-இல் வாதிட்ட அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் குட் (Goode) என்பவரையும் கூப்பிடு. அவருக்கும் தேசாய்க்கும் எங்கே முட்டுகிறது என்று தாளில் எழுதிப் பார்.

பிறகு உன் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுது. 'இடம்பெயர்வு இல்லத்தைப் பிரிக்கிறது, குடும்பத்தை அல்ல. ஆனால் குடும்பத்தின் சுமையைச் சிலர் தலையில் இறக்கிவைக்கிறது' என்று நானாக இருந்தால் எழுதுவேன். உனக்கு வேறு தோன்றலாம். எதுவானாலும், எழுதப் போகும் ஒவ்வொரு பத்தியும் அந்த வாக்கியத்துக்கு என்ன செய்கிறது என்று ஓரத்தில் குறி. குறிக்க முடியாத பத்தியை எடுத்துவிடு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும். 2,500 சொற்களில் வரலாற்றுக்கு 300 போதும்.

சுமை என்றேனே, அதற்குத் தாராளமாக இடம் விடு. இங்கிருந்து கேழ்வரகு மாவும் புளியும் போகின்றன, அங்கிருந்து பணம் வருகிறது, ஆடிப் பெருக்குக்கு எல்லோரும் ஒகேனக்கலில் கூடுகிறோம், ஆகவே குடும்பம் உடையவில்லை என்று எழுதி முடிப்பது சுலபம். ஆயாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது யார்? பணம் அனுப்புகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். (இது என் புலம்பல் அல்ல. கொஞ்சம் புலம்பலும்தான்.)

உனக்கு எதிரான வாதத்தையும் இப்போதே திட்டத்தில் சேர். யாருமே ஊரைவிட்டுப் போகாத வீடுகளிலும் பாகப்பிரிவினை நடக்கிறது. அப்படியானால் பிரிப்பது இடம்பெயர்வா, நிலமா? 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அண்ணன் தம்பி கணக்காகவே கூட்டுக் குடும்பத்தைப் பேசும் ஆய்வுகள் அந்த மகள்களை எங்கே வைக்கின்றன? கடைசிப் பத்தியில் அவசரமாகச் செருகுகிற விஷயம் இல்லை இது.

நம் வீட்டை ஆதாரமாகக் காட்டாதே. ஒரு வீட்டை வைத்து மாவட்டத்தைப் பேச முடியாது. கேள்வி எழுப்ப வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்.

சித்தியிடம் பேச வேண்டும் என்றாயே, அடுத்த ஞாயிறு அவள் இங்கே வருகிறாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடு, கொடுக்கிறேன். எதற்காகக் கேட்கிறாய் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. எழுதும்போது ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் மாற்றிப் போடு. நகையை அடகு வைத்த விஷயத்தை நீயாக எடுக்காதே; அவளாகச் சொன்னாலும் கட்டுரையில் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா