ஆறு கணினிகளுக்கு ஒரு சேர்வர்

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பு நண்பருக்கு,

மட்டக்களப்பில் மருந்துக்கடையைப் பெரிதாக்கி, பில் போடும் கணினிகளை ஆறாக உயர்த்தப்போகிறீர் என்று வாசித்து மனம் நிறைந்தது. அவற்றின் பொதுக் கோப்புகளை வைப்பதற்கென விண்டோஸ் சேர்வர் (பல கணினிகளுக்குச் சேவை தரவென்றே உள்ள விண்டோஸ்) வாங்க வேண்டுமா, கடையிலுள்ள விண்டோஸ் 11 ப்ரோ கணினியே போதுமா என்று கேட்டிருந்தீர். போதும் என்பதே என் கருத்து.

ஆயினும், சென்ற தீபாவளிக்கு முன்பு புறக்கோட்டையில் நான் பராமரிக்கும் புடைவைக்கடையில் நடந்ததை நீர் அறிய வேண்டும். அங்கே பில் மென்பொருளின் கோப்புகள் யாவும் விண்டோஸ் 10 கணினியொன்றின் பகிர்வுக் கோப்புறையில் இருந்தன. கூட்டம் பெருகி, களஞ்சியத்திலும் புதிய கவுண்டர்களைத் திறந்தபோது, கடைசியாக வந்த கணினி மட்டும் இணைய மறுத்தது. வயரையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்து அரை நாள் கழிந்த பின்னரே, மேசைக்கணினிக்கான விண்டோஸ் ஒரே நேரத்தில் 20 சாதனங்களுக்கு மேல் கோப்புப் பகிர்வைத் தராது என்பது நினைவுக்கு வந்தது. பழைய விண்டோஸான எக்ஸ்பி ப்ரொபெஷனலில் அது 10 ஆக இருந்தது. இது இயந்திரத்தின் பலவீனம் அன்று, உரிமத்திலேயே எழுதப்பட்ட எல்லை.

உமது ஆறு கணினிகள் அந்த எல்லையை நெருங்கா. என் கவலையெல்லாம் விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து உமது பழைய கணக்கு நிரலைப் பற்றியதே. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருவதால், அக்காலத்து 16 பிட் நிரல் எதுவும் அதில் இயங்காது. பழைய நிரல்களுக்கான பொருந்துநிலை அமைப்பை மாற்றியும் பயனில்லை. உம்மிடம் எக்ஸ்பியில் ஓடும் இரண்டு கணினிகளும் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையை மட்டுமே அறிந்தவை. புதிய விண்டோஸில் அது தானாக நிறுவப்படுவதில்லை. வேண்டுமென்றால் நிறுவலாம், ஆனால் 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை என்ற தீநிரல் பரவிய வழியே அதுதான். நோயாளிகளின் விபரம் இருக்கும் கடையில் அதைத் திறந்துவிட நான் உடன்படமாட்டேன்.

ஆகவே, ப்ரோ பதிப்பிலுள்ள ஹைப்பர்-வியில் (கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் வசதி) 16 பிட் நிரலை ஏற்கும் 32 பிட் விண்டோஸ் ஒன்றை நிறுவி, பழைய கணக்குகளைப் பார்ப்பதற்கு மட்டும் அந்த நிரலை அதற்குள் வைத்திரும். புதிய கணக்குகளைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் தொடங்கலாம். அது பின்னணிச் சேவையாக இயங்குவதால் யாரும் உள்நுழையாமலே கணினியோடு சேர்ந்து எழுந்துவிடும். அது இருக்கும் விண்டோஸ் 11 கணினி உறங்காதபடி மின் அமைப்பை மாற்றி, கடை திறந்திருக்கும் நேரத்தில் அப்டேட்டுக்காக அது மீளத் தொடங்காதபடியும் பார்த்துக்கொள்ளும். முக்கியமாக, அந்தக் கணினியில் யாரையும் பில் போட விடாதேயும்.

அடுத்த போயா விடுமுறையில் உதயதேவி ரயிலில் வருகிறேன். அதற்குள் பழைய நிரலின் கோப்புறையை அப்படியே பிரதியெடுத்து அனுப்பினால், இங்கேயே இயக்கிப் பார்த்துக்கொண்டு வருவேன்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்