கயலுக்கு, வேனில் வைக்கும் ஃப்ரிட்ஜ் பற்றி

மதுரை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய வேன் படங்களை அம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். என் கண் மட்டும் அதில் இருக்கும் ஃப்ரிட்ஜிலேயே நின்றுவிட்டது. கேஸ், 12 வோல்ட், 240 வோல்ட் மூன்றிலும் ஓடும், சத்தமே வராது என்று விற்கிறவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் ஆஸ்திரேலியாவில் ஜனவரிதான் கோடை, அந்த வெயிலில் அதை நம்பி அடிலெய்டிலிருந்து பெர்த்துக்குப் புறப்படுவதில் எனக்குச் சம்மதமில்லை.

அது அப்சார்ப்ஷன் வகை. கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் குழாய்க்குள் அடைத்து, அடியில் சூடு காட்டிக் குளிர வைக்கிற அமைப்பு. 1922-இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. ஹோட்டல் அறைகளில் சத்தமில்லாமல் நிற்கிற குட்டி ஃப்ரிட்ஜில் பல இந்த ஜாதிதான். பின்பக்கம் காற்றோட்டம் இல்லாமல் அலமாரிக்குள் அடைத்துவிட்டு, "கூலிங் இல்லை" என்று கூப்பிடுவார்கள்; போய்ப் பார்த்திருக்கிறேன்.

அதன் பலவீனமே வெளிச்சூடுதான். சுற்றியுள்ள வெப்பத்தைவிட 20, 25 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். வெளியே 42 என்றால் உள்ளே 17. நீங்கள் போகிற வழியில் உள்ள நல்லார்பர் வறண்ட சமவெளியில் 2019 டிசம்பரில் 49.9 டிகிரி பதிவாகியிருக்கிறது. போதாததற்கு, வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். உள்ளே திரவம் தன் எடையால் வடிந்துதான் சுற்றுகிறது. சாய்வாக நிறுத்தினால் அந்தச் சுற்று நின்றுபோகும். 12 வோல்ட்டில் ஓட்டினால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் கட்டுப்படியாகும். ராத்திரி கேஸில்தான் ஓட வேண்டும். நீங்கள் தூங்குகிற இடத்திலேயே தீ எரியும். புகைவழி சரியாக இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனைகூடக் கிடையாது.

குளிர்ப் பிரதேசத்தில், வெயில் இல்லாத நாட்களில் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு அதுதான் சரி. ஒரு சிலிண்டர் நிம்மதியாக ஓடும். உங்கள் பயணம் அப்படியில்லை. அதைவிட முக்கியம், மாப்பிள்ளையின் இன்சுலின். பிரிக்காத குப்பிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். தயிர் புளித்தால் கொட்டிவிடலாம். அந்தச் சமவெளியின் இரு பக்கத்து ஊர்களான செடுனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் நடுவே 1,200 கிலோமீட்டரில் மருந்து கெட்டால் எந்தக் கடைக்குப் போவீர்கள்?

ஆகையால் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வாங்குங்கள். பெல்டியர் பெட்டி, அதாவது கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரத்தாலேயே ஒரு தகட்டைக் குளிர வைக்கிற பெட்டி, மலிவாகக் கிடைக்கும், அந்தப் பக்கமே போகாதே. அது வெயிலில் அந்த அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜைவிட மோசம். டான்ஃபாஸ் என்று நாங்கள் சொல்லிப் பழகிய கம்ப்ரசர் இப்போது செகாப் என்ற பெயரில் வருகிறது, அது இருந்தால் நல்லது. மேலே திறக்கிற பெட்டி வகையாக, 40 லிட்டர் போதும். கதவு வகையில் திறந்தவுடன் குளிர்காற்று காலடியில் கொட்டிவிடும். பெரிதாக வாங்கி நிரப்பவும் வழியில்லை. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

கணக்கு இதுதான். ஓடும்போது சுமார் 4 ஆம்பியர். நல்ல வெயிலில் பாதி நேரம், அதாவது 12 மணி நேரம் ஓடும் என்று வை, ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-மணி. 200 வாட் சோலார் பேனல் அந்தக் கோடையில் இதை ஈடுகட்டும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இருந்தால் மேகமூட்டத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஒரு நாள்தான்.

ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகி ஓட்டுவதால்தான் பாதிப் பேருக்கு நடுராத்திரியில் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. பேட்டரியில் வோல்ட் இருக்கும், மெல்லிய ஒயரில் விழுந்துவிடும், கம்ப்ரசர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ். அங்கே "6 எம்எம் ஆட்டோ கேபிள்" என்று விற்பதில் அந்த 6 மேலுறையையும் சேர்த்த அளவு. உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். 8 எம்எம் கேள்.

தெர்மோஸ்டாட்டை 5-இல் வை. இன்சுலினை ஒரு டப்பாவில் போட்டு நடுவில் வை, குளிர்த்தகட்டை ஒட்டி வைக்கவே கூடாது. உறைந்தால் அந்த மருந்து முடிந்தது, இளகினாலும் திரும்பப் போடக் கூடாது என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். ஆனாலும் எடுத்து வைக்கிறவள் நீ. பக்கத்தில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போடு. ஃப்ரிட்ஜில் காட்டுகிற எண்ணை நம்பாதே.

விலை கூடுதல்தான். குறைகிற பணத்தை நான் அனுப்புகிறேன், மாப்பிள்ளையிடம் கூச்சப்படாமல் சொல். இப்போது அந்த ஃப்ரிட்ஜ் இருக்கிற அலமாரியின் அகலம், ஆழம், உயரம், அங்கிருந்து பேட்டரிக்கு எத்தனை மீட்டர், எல்லாம் டேப் வைத்து அளந்து அனுப்பு. பின்னால் காற்றுக்கு 5 சென்டிமீட்டராவது விட வேண்டும், அதையும் கழித்துப் பார்த்து எது பொருந்தும் என்று சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா