பேசாம எப்படி மறக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர்ல ஒரு உயர்நிலைப்பள்ளில தமிழ் டீச்சர், உயர்நிலை மூணுல ஒரு வகுப்புக்கு ஃபார்ம் டீச்சரும் (வகுப்பாசிரியை) நான்தான். ஜூலை 21 இன நல்லிணக்க நாள் வந்தா பசங்க சேலை, சீன உடை சியோங்சாம், மலாய் உடை பாஜு குரோங்னு மாத்தி மாத்தி உடுத்திட்டு வருவாங்க, முறுக்கும் குவேங்கிற மலாய்ப் பலகாரமும் பங்கு போட்டு சாப்பிட்டு போட்டோ எடுத்துப்பாங்க, பார்க்க சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா ஏன் அந்தத் தேதின்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியல. 1964ல அதே நாள்ல நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடல்லேர்ந்து கேலாங் வட்டாரத்துப் பக்கம் போறப்போ இனக் கலவரம் வெடிச்சு, செப்டம்பர்ல மறுபடியும் வெடிச்சு, ரெண்டுலயும் சேர்த்து 36 பேர் செத்துப்போனாங்க.

தாய்மொழி பீரியட் வந்தா வகுப்பு மூணா பிரிஞ்சிடும். தமிழ்ப் பசங்க என் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினதும் பேசுற பேச்சே வேற. ஒரு பையனை ஃபார்ம் கிளாஸ்ல 'அப்புநேநே'ன்னு, இந்தியர்களைக் கேலி பண்ற வார்த்தையால கூப்பிடுவாங்க, அவனும் சேர்ந்து சிரிப்பான். ஏன்டா சிரிக்கிறேன்னு கேட்டேன். "சிரிக்கலைன்னா ரொம்ப சென்சிட்டிவ்னு சொல்வாங்க டீச்சர், அப்புறம் ரீசெஸ்ல கூட உட்கார ஆள் இருக்காது"ன்னான்.

எனக்கு மனசு தாங்கல. அடுத்த சிசிஇ (குணநலன், குடியியல் கல்வி) பீரியட்லயே பேச்சை எடுத்தேன், தப்பாவும் எடுத்தேன், எல்லார் முன்னாடியும் அவனைப் பார்த்து "உனக்கு எப்படிப்பா இருந்துச்சு, சொல்லு"ன்னு கேட்டுட்டேன். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்க, அவன் ஒர்க்‌ஷீட் மூலையை மடிக்கிறதும் பிரிக்கிறதுமா "சும்மா ஜோக்தான்"னு முடிச்சுட்டான். வலிக்கிற பிள்ளையையே எழுப்பி நிக்க வச்சு மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லிட்டேனேன்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அடுத்த வாரம் ஆளுக்கொரு சீட்டு குடுத்தேன். பேர் வேணாம், உங்களுக்கு நடந்தது மட்டும் இல்ல, நீங்க சொன்னது, பக்கத்துல இருந்து கேட்டுட்டு சும்மா இருந்தது எதுனாலும் எழுதுங்கன்னேன். கையெழுத்து யாருக்கும் தெரியாம நானே படிச்சேன். எம்ஆர்டி ரயில்ல இந்தியர் பக்கத்துல சீட் காலியா இருந்தாலும் பாட்டி உட்கார விடமாட்டாங்க, நான் ஒண்ணும் சொன்னதில்லன்னு ஒரு சீட்டு. மலாய்ப் பையன்னா கணக்கு வராதுன்னு குரூப்ல என்னைக் கேக்கவே மாட்டாங்கன்னு ஒண்ணு. பங்ளாதேஷ் தொழிலாளிங்களைப் பத்தி எங்க வீட்ல பேசுறதை வெளிய சொல்ல வெக்கமா இருக்குன்னு இன்னொண்ணு, இதைப் படிக்கும்போது எனக்கே குரல் தடுமாறிடுச்சு, எங்க வீட்லயும் அப்படிப் பேசியிருக்கோம், அதை வகுப்புலயே சொன்னேன். கொஞ்ச நேரம் யாருமே வாய் திறக்கல. அப்புறம்தான் ஒவ்வொருத்தரா பேச ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்க.

ஒரு பொண்ணு கேட்டா, தினமும் தேசிய உறுதிமொழில "இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து"ன்னுதானே சொல்றோம், அப்போ எதுக்கு டீச்சர் இதைப் பேசணும்னு. நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்துல பிறந்த, அப்போ வெளியுறவு அமைச்சரா இருந்த எஸ். ராஜரத்தினம் 1966ல இங்கிலீஷ்ல எழுதின முதல் வரைவுல வேற்றுமைகளை மறப்போம்னுதான் இருந்துச்சு, ஆனா கடைசியா முடிவான இங்கிலீஷ் உறுதிமொழில 'மறந்து' இல்ல, இனம் எதுவா இருந்தாலும் ஒண்ணா இருப்போம்னுதான் இருக்கு. ஐசில (அடையாள அட்டை) இனம் போட்டிருக்கு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்க விக்க 1989லேர்ந்து இன ஒதுக்கீடு பார்க்கிறாங்க, இதெல்லாம் பசங்களுக்கு நல்லாவே தெரியும், வகுப்புல மட்டும் பேசக்கூடாதுன்னா அவங்க போன்ல யாரோ சொல்றதைத்தான் கேட்டுப்பாங்க.

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள், தவணைக்கு ஒரு தடவையாவது ரெண்டு பீரியட் சேர்த்துக் குடுங்க, ஸ்லைடு எதுவும் வேணாம், மூணு தாய்மொழி டீச்சர்களும் ஒரே ரூம்ல உட்கார்ந்து நடத்துறோம். பெற்றோருக்கும் ஒண்ணு, பிள்ளை இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுட்டு வந்தா "விட்டுத் தள்ளு"ன்னு சொல்லாம முழுசா கேட்டுட்டு வகுப்பாசிரியர்கிட்ட சொல்லுங்க. அந்தப் பையன் சிரிக்கிறதைப் பார்த்துட்டு நானும் ரெண்டு தவணை சும்மாதான் இருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை, ஈசூன்