கார்டு போகவில்லை, கேபிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை மாற்றினாலே இன்னும் நான்கைந்து வருடம் ஓட்டலாம் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனைதான், நானும் போன வருடம் அதைத்தான் செய்தேன். ஆனால் எந்தக் கார்டு, என்ன விலை என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. கார்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் மட்டும் 'நோ சிக்னல்' என்று வந்து நிற்கிறது, அப்போது என்ன செய்வது? நம் ஊர்ப் பக்கம் உடனே வரும் பதில் "கார்டு போயிடுச்சு" என்பதுதான். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். கார்டு போகவில்லை. இன்றைக்கும் என் மேசைக்குக் கீழே அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவன். 2013-இல் வாங்கிய மெஷின், நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், இடையில் சேர்த்த ஜிடி 710 கார்டு, விஜிஏ என்ற பழைய அனலாக் போர்ட் உள்ள 19 அங்குல மானிட்டர், இவற்றை வைத்துத்தான் குடும்பம் ஓடியது. இப்போது ஆல்பத்தோடு வீடியோவும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதால் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் புதுக் கார்டில் விஜிஏ போர்ட்டே கிடையாது, டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் மட்டும்தான். சரி, மதர்போர்டில் விஜிஏ இருக்கிறதே என்று கேபிளை அங்கே செருகிவிட்டேன். நான் செய்த முதல் தப்பு இது, நிறையப் பேர் செய்வதும் இதுதான். தனிக் கார்டு மாட்டியதும் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த டிஸ்ப்ளேயை அணைத்துவிடும், அப்புறம் அந்தப் போர்ட்டில் எந்த மானிட்டரைச் செருகினாலும் படம் வராது. கேபிள் கார்டிலிருந்துதான் போக வேண்டும்.

மறுநாள் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த தம்பி டிவிஐ-யை விஜிஏ ஆக்கும் சின்னக் கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துச் செருகிப் பார்த்தார், உள்ளே போகவில்லை. உற்றுப் பார்த்தோம். கன்வெர்ட்டரின் ஒரு ஓரத்தில் தட்டையாக ஒரு பின், அதற்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு ஊசிப் பின்கள். கார்டிலோ தட்டைப் பின்னுக்கு மட்டும்தான் இடம், அந்த நான்குக்கும் ஓட்டையே இல்லை. அவர் நோஸ் பிளையரை எடுத்து நான்கையும் ஒவ்வொன்றாக முறித்துவிட்டு அழுத்தினார், உள்ளே போய்விட்டது. படம் வரவில்லை. எப்படி வரும்? சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும், ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்க வேண்டும் என்று மானிட்டருக்குச் சொல்லும் சிக்னலும் அந்த நான்கு பின் வழியாகத்தான் போகின்றன. ஓட்டை இல்லாத அந்தப் போர்ட்டுக்கு டிவிஐ-டி என்று பெயர், அதில் டிஜிட்டல் மட்டும்தான் வரும். நான்கு ஓட்டையும் இருந்தால் அது டிவிஐ-ஐ, அதில்தான் விஜிஏ-வுக்கான அனலாக் சிக்னலும் கிடைக்கும். 2016-இல் ஜிடிஎக்ஸ் 1080 வந்த காலத்திலேயே, இந்தக் கார்டுகளின் சிப்பைச் செய்யும் என்விடியா கம்பெனி அந்த அனலாக் சிக்னலை எடுத்துவிட்டது.

இதெல்லாம் அன்றைக்கு எனக்கும் தெரியாது, அந்தத் தம்பிக்கும் தெரியாது. கார்டு டெட், கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார். கையில் இரண்டு ஆல்பம் வேலை இருந்ததால் மனசு கேட்கவில்லை, கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும் கன்வெர்ட்டர் கொடுத்தார். அதற்குள்ளே ஒரு சிப் இருக்கிறது, டிஜிட்டலை அனலாக்காக மாற்றுவது அதுதான். செருகிய அடுத்த நொடி படம் வந்தது.

வந்த படத்தில் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, 1024×768-இல் நின்றது. டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று காட்டினால் புதுக் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். இதற்குப் போய் விண்டோஸை பார்மட் அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அடிக்காதீர்கள். கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டால் போதும். போட்டிக் கம்பெனியான ஏஎம்டி-யின் கார்டிலிருந்து என்விடியாவுக்கோ, அங்கிருந்து இங்கேயோ மாறுகிறவர்கள் மட்டும் சேஃப் மோடில் போய் டிடியு என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுவது நல்லது.

அடுத்து கரண்ட். ஒரு வாரம் கழித்து வீடியோ எக்ஸ்போர்ட் கொடுத்தால் நடுவில் திரை கறுத்து மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு 75 வாட் வரைதான் எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டும் என்றால் ஆறு பின் வயர் இன்னொரு 75 வாட்டும் எட்டுப் பின் வயர் 150 வாட்டும் தரும். என் கார்டில் ஆறு பின் இருந்தது, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்-இல் அந்த வயர் இல்லை என்று ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எஸ்எம்பிஎஸ் மேலே 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும், அதை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். என்னுடையதில் 14. பன்னிரண்டை 14-ஆல் பெருக்கினால் 168 வாட்தான். என் ஐ5-க்கு 84, கார்டுக்கு 75, இரண்டுக்கே 159 ஆகிவிட்டது, ஹார்ட் டிஸ்க்கும் ஃபேனும் எங்கே போகும்? நல்ல எஸ்எம்பிஎஸ் மாற்றிய நாளிலிருந்து ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோளாறு. நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக. அடுத்த மாதம் எச்டிஎம்ஐ உள்ள 24 அங்குல மானிட்டர் வாங்கி நேரடியாகக் கார்டில் மாட்டினேன். எல்லாம் சரியாகவே இருந்தது, கறுப்பு மட்டும் லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தது. புது மானிட்டர் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதில் உட்கார்ந்து 40 ஷீட் ஆல்பம் ஒன்றை முடித்தேன், கறுப்பு வெளுத்துத் தெரிந்ததால் ஒவ்வொரு படத்திலும் கறுப்பை அழுத்தி, வெள்ளை மங்கித் தெரிந்ததால் வெள்ளையை ஏற்றி, எனக்கு அழகாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸை இழுத்துவிட்டேன். ஆல்பம் அச்சடிக்கும் லேப்பிலிருந்து பிரிண்ட் வந்தது. தாலி கட்டும் படத்தில் பெண்ணின் பின்னலில் ஒரு முடிகூடத் தனியாகத் தெரியவில்லை, மை பூசின மாதிரி ஒரே கறுப்பு, அதன் மேலே வைத்திருந்த மல்லிகைச் சரம் பூப்பூவாக இல்லாமல் வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டையாக இருந்தது. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 40 ஷீட்டையும் என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அதே படத்தை போனில் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வெளிச்சத்தை எண்ணால் சொன்னால், கம்ப்யூட்டரில் கறுப்பு 0, வெள்ளை 255. டிவி கணக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. எச்டிஎம்ஐ-யில் மாட்டும்போது சில சமயம் மானிட்டரை டிவி என்று எடுத்துக்கொண்டு கார்டு 16-இலிருந்து 235 வரைதான் அனுப்பும், மானிட்டர் அதை 0-விலிருந்து 255 என்று நினைத்துக் காட்டும், கறுப்பு சாம்பலாகிவிடும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷனுக்குப் போய்க் கீழே 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்பதை லிமிடெடிலிருந்து ஃபுல்லுக்கு மாற்ற வேண்டும். ஏஎம்டி-யில் பிக்சல் ஃபார்மட் என்ற இடத்தில் ஆர்ஜிபி ஃபுல். ஒரு நிமிட வேலை. ஸ்டுடியோக்காரர்கள், பிளெக்ஸ் டிசைன் செய்பவர்கள், அச்சகத்தில் இருப்பவர்கள் கார்டு மாற்றியிருந்தால் அடுத்த வேலையை அனுப்புவதற்கு முன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கார்டு வாங்க வருகிறவரிடம் மானிட்டருக்குப் பின்னால் என்ன போர்ட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்ற இரண்டையும் போனில் படம் எடுத்துவரச் சொல்லுங்கள், பில் போடுவதற்கு முன்னாலேயே. உங்கள் கணினிப் பக்கத்திலும் அடுத்த முறை டிவிஐ-டி, டிவிஐ-ஐ இரண்டு போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெரிய படம் போட்டால் நன்றாக இருக்கும். வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஓர் ஆல்பம் டிசைனர்,
புதுக்கோட்டை மாவட்டம்.