பி பிளாக் அண்ணனுக்கு உதவி: ஞாயிறு கூட்டம்

வணக்கம் எல்லாருக்கும். நம்ம கோலாலம்பூர் செந்தூல் பிளாட் பி பிளாக் அண்ணன் ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வீட்டுக்கு வந்துட்டாரு, பேச்சு நல்லா வருது ஆனா வலது கை இன்னும் தூக்க முடியல, லோரி ஓட்டற வேலைங்கறதால இப்போதைக்கு சம்பளமும் இல்ல, அக்கா காலைல நாசி லெமாக் வித்து வர்ற காசுலதான் வீடு ஓடுது. அவங்க சம்மதத்தோடதான் இதைப் போடறேன், வேற குரூப்புக்கு அனுப்பாதீங்க.

கூட்டம்: வர்ற ஞாயிறு காலை 10 மணி, கீழ் ஹால்.

1. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாரம் நிரப்பத் தெரிஞ்சவங்க கண்டிப்பா வாங்க. அண்ணனுக்கு இன்னும் 60 ஆகல, சந்தா கட்டியிருக்காரு, இன்வாலிடிட்டி பென்சனுக்கு (உடம்பு முடியாம வேலை செய்ய முடியாதவங்களுக்குக் குடுக்கற பென்சன்) மனு போட்டுப் பாக்கலாம். டாக்டர் ரிப்போர்ட் ரெடி.

2. கார் லோன் பாக்கி இருக்கு. ஏகேபிகேல (கடன் ஆலோசனை குடுக்கற நிறுவனம்) ஆலோசனை இலவசம், பேங்க்கிட்ட பேசி தவணையைக் குறைக்க வழி பாப்பாங்க. தயவுசெஞ்சு யாரும் ஆலோங்கிட்ட (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) போகச் சொல்லி ஐடியா குடுக்காதீங்க!

3. ஃபிசியோவுக்கு கூட்டிட்டுப் போக கார் வேணும். வார நாள்ல காலைல யார் ஃப்ரீ?

4. பணம் அக்கா அக்கவுண்டுக்கே நேரா போடுங்க, நான் கைல வாங்க மாட்டேன். நம்பர் எங்கிட்ட தனியா கேளுங்க.

5. பாக்கப் போறவங்க அரை மணி நேரத்துல கிளம்பிடுங்க, மனுசன் தூங்கணும். ஆப்பிள் ஆரஞ்சு இனிமே வேணாம், இருக்கறதே அழுகுது, அரிசி எண்ணெய் குடுங்க.

வெள்ளி ராத்திரிக்குள்ள "வரேன்", "கார்", "பாரம்" இதுல ஒண்ணு டைப் பண்ணுங்க. வெறும் தம்ஸ் அப் போட்டா எனக்கு ஒண்ணும் புரியாது.