ஜூடோவின் ஜப்பானியச் சொற்கள் இருக்கட்டும், விளக்கம் தமிழில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் ஜூடோ கற்றுக்கொடுக்கும்போது ஜப்பானியச் சொற்களை விட்டுவிட்டு எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அர்த்தம் தெரியாத சொற்களைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள் என்பது அவருடைய வருத்தம். பல வருடங்களாக ஜூடோ சொல்லிக்கொடுத்து வருகிறவன் நான். அந்த வருத்தம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அதற்கு அவர் சொல்லும் வழி சரிவராது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜூடோவில் ஒரு வீச்சின், அதாவது எதிராளியை எறிந்து வீழ்த்தும் நுட்பத்தின், பெயர் வெறும் அடையாளம் இல்லை, அதை எப்படிச் செய்வது என்ற குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘ஓ-சொத்தொ-கரி’யை எடுத்துக்கொள்வோம். ‘ஓ’ என்றால் பெரிய, ‘சொத்தொ’ என்றால் வெளிப்புறம், ‘கரி’ என்பது கதிர் அறுப்பது. எதிராளியின் வலது காலுக்குப் பக்கவாட்டில் நம் இடது காலை ஊன்றி, அவருடைய சட்டைக்கையை இழுத்து, உடல் பாரம் முழுவதும் அவருடைய வலது குதிகாலில் இறங்கும்படி பின்பக்கம் சாய்க்க வேண்டும். அப்புறம் நம் வலது காலை வெளிப்பக்கமாக வீசி, பாரம் தாங்கி நிற்கும் அந்தக் காலைப் பின்னாலிருந்து அறுக்க வேண்டும். பாரம் இறங்காத காலை அறுக்க முடியாது. அறுக்கப் போனால், அவர் அந்தக் காலை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு நம்மையே அதே வீச்சில் சாய்த்துவிடுவார்.

‘தெ-அஷி-ஹராய்’ என்பது வேறு. ‘தெ’ என்றால் முன்னே வருகிற, ‘அஷி’ என்றால் கால், ‘ஹராய்’ என்றால் பெருக்கித் தள்ளுவது. எதிராளி முன்னால் அடியெடுத்து வைக்கிறார். பாதம் தரையைத் தொடப்போகிறது, பாரம் இன்னும் அதில் ஏறவில்லை. அந்த நொடியில் நம் உள்ளங்காலால் அதைத் தள்ள வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் கால் ஊன்றிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு உதைத்தாலும் அசையாது. எந்தக் காலை, எப்போது, எப்படி என்ற மூன்றுக்குமே பெயரிலேயே விடை இருக்கிறது.

இந்த இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது? நம் வாய்க்கு உடனே வருவது ‘காலை வாருதல்’தான். கரிக்கும் அதே, ஹராய்க்கும் அதே. பாரம் ஏறிய காலா, ஏறாத காலா என்ற வித்தியாசம் அங்கேயே போய்விடுகிறது. அது போனால் பாடமே போன மாதிரிதான். ஆளுக்கொரு கலைச்சொல்லை உருவாக்கலாம்தான். ஆனால் மதுரையில் ஒரு சொல், சேலத்தில் ஒரு சொல் என்று ஆகும். மாநிலம் தாண்டிப் போட்டிக்குப் போகிற பிள்ளை எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

சொற்கள் ஏராளம் என்று பயப்படத் தேவையில்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் தொடங்கிய பயிற்சிக்கூடமான கோடோகன் இன்று அங்கீகரித்திருக்கும் நுட்பங்கள் 100. அவற்றில் 68 வீச்சுகள், மீதி 32 அமுக்குதல், கழுத்தை நெரித்தல், மூட்டை மடக்குதல் வகையைச் சேர்ந்தவை. நூறு பெயரா என்று மலைக்கிறார்கள். ஆனால் பெரிய, சிறிய, உள்ளே, வெளியே, கால், இடுப்பு, அறுப்பு, தள்ளல், எறிதல், பிடி என்று ஒரு கைப்பிடிச் சொற்கள் தெரிந்தால் பாதிக்கு மேற்பட்ட பெயர்கள் தாமாகவே விளங்கிவிடும். ஓ-சொத்தொ-கரி தெரிந்த பிள்ளைக்கு ‘கொ-உச்சி-கரி’யைத் தனியாக மனப்பாடம் செய்யும் வேலை இல்லை. சின்ன அறுப்பு, உள்பக்கமாக, அவ்வளவுதான்.

விளக்காமல் விடுவதுதான் ஆபத்து. ‘உச்சி-மத்தா’ என்று நான் சொன்னதும் தலை உச்சியைத் தொட்டுக் காட்டிய பிள்ளைகள் உண்டு. தமிழில் உச்சி என்றால் தலைதானே! ஜப்பானிய மொழியில் ‘உச்சி’ உள்பக்கம், ‘மத்தா’ தொடை. உள்தொடையை நம் காலால் தூக்கி எறிகிற வீச்சு அது. இதை ஒரு முறை தமிழில் விளக்கினால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. அதே மாதிரி ‘தை-ஓதொஷி’யைக் குறுக்கே காலை நீட்டித் தடுக்கிவிடுவது என்றே பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரில் காலே கிடையாது. ‘தை’ என்றால் உடல், ‘ஓதொஷி’ என்றால் வீழ்த்துவது. கைகளால் இழுத்து உடலைக் கீழே இறக்குவதுதான் வேலை, நீட்டிய கால் தாண்ட முடியாத தடையாக நிற்கும், அவ்வளவே. பெயரைப் புரிந்துகொண்ட பிள்ளை காலை விட்டுவிட்டுக் கையைக் கவனிக்கத் தொடங்கும்.

பெயர்களை மாற்றிப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. 1935-இல் பாரிஸுக்குப் போன ஜூடோ ஆசிரியர் மிகினோசுகே கவாய்ஷி, பிரெஞ்சுக்காரர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று வீச்சுகளைக் கால், இடுப்பு என வகைபிரித்து எண் கொடுத்தார். ஓ-சொத்தொ-கரி ‘முதல் கால் வீச்சு’ ஆனது. அவர் ஜப்பானியர்தான், நோக்கமும் நல்லதுதான். அந்த முறையில் பல ஆயிரம் பேர் கற்றுக்கொண்டார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எண் எதையும் விளக்காது. முதல் கால் வீச்சுக்கும் ஐந்தாம் கால் வீச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. பிற்காலத்தில் பிரான்ஸ் கோடோகன் பெயர்களுக்கே திரும்பியது. 2021-இல் டோக்கியோவிலும் 2024-இல் பாரிஸிலும் ஒலிம்பிக் கலப்பு அணிப் போட்டியின் இறுதியில் ஜப்பானையே தோற்கடித்த நாடு இது. இன்றும் அவர்கள் வகுப்பில் விளக்கம் பிரெஞ்சில், பெயர் ஜப்பானிய மொழியில்.

இனி நடுவரின் சொற்கள். ‘ஹஜிமெ’ என்றால் தொடங்கு, ‘மத்தெ’ என்றால் நிறுத்து, ‘சொரெ-மதெ’ என்றால் போட்டி முடிந்தது. கழுத்து நெரிபட்டுக் கிடக்கும்போதோ, முழங்கை மடக்கப்படும்போதோ ‘மத்தெ’ காதில் விழுந்த கணமே கை தானாக விட வேண்டும். மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ள அங்கே நேரம் கிடையாது. தாங்க முடியாதவர் இரண்டு தட்டு தட்டுவார், கை சிக்கியிருந்தால் ‘மைத்தா’ என்பார், அதாவது தோற்றேன். மணிப்பூர்ப் பிள்ளையும் ஹரியானாப் பிள்ளையும் நம் ஊர்ப் பிள்ளையும் ஒரே மெத்தையில் நிற்கும்போது அந்தச் சொல் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். பாதுகாப்பு விஷயத்தில் நான் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

பார்வையற்றோர் ஜூடோவைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அங்கே இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்த நிலையில்தான் போட்டி தொடங்கும். நடுவரின் கையசைவு அவர்களுக்குத் தெரியாது. அதனால் புள்ளியை அறிவித்த கையோடு ‘ஆவோ’ என்றோ ‘ஷிரோ’ என்றோ நடுவர் சேர்த்துச் சொல்வார். நீலம், வெள்ளை என்று பொருள், உடையின் நிறத்தை வைத்து. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பர்மார் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார், பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம். எதிராளி பிரேசில்காரர். தமக்குப் பொதுவாக வேறு மொழி இல்லாத இருவருக்கு இடையில் அந்தச் சில சொற்கள்தான் பாலம்.

இங்கே பத்திரிகைகளிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். அந்த வெற்றியை ‘10–0’ என்று போட்டார்கள். கபில் பத்துத் தனித்தனிப் புள்ளிகள் எடுத்தார் என்றுதான் படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். அது ஒரே ஒரு ‘இப்பொன்’. வேகமும் பலமும் கட்டுப்பாடும் சேர, எதிராளியின் முதுகு நன்றாகத் தரையில் படும்படி எறிந்தாலோ, மல்லாத்தி 20 விநாடி அமுக்கி வைத்தாலோ, சரணடைய வைத்தாலோ இப்பொன், ஆட்டம் அதோடு சரி. நடுவர் கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்துவார். கொஞ்சம் குறைந்தால் ‘வஸா-அரி’, கை தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீளும். இரண்டு வஸா-அரி சேர்ந்தால் இப்பொன். அதற்கும் கீழே ‘யூகோ’. அதன் கதை வேடிக்கையானது. 1970-களில் யூகோவும் அதைவிடச் சின்னதான ‘கோகா’வும் வந்தன. 2009-இல் கோகா போனது, 2017-இல் யூகோவும் போனது, 2025-இல் யூகோ மட்டும் திரும்பி வந்தது. இப்போது அமுக்கி வைப்பதில் 5 விநாடிக்கு யூகோ, 10-க்கு வஸா-அரி, 20-க்கு இப்பொன். விதி மாறும்போதெல்லாம் சர்வதேசச் சம்மேளனம் சொல்லை நீக்குகிறது, திரும்பச் சேர்க்கிறது, அர்த்தத்தின் எல்லையை மாற்றுகிறது. நாம் தமிழில் தனியாக ஒரு வரிசை வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

அதற்காக ஜப்பானியச் சொல் மட்டும்தான் புனிதம் என்று நான் வாதாடவில்லை. நான்கு நிமிடம் முடிந்தும் சமநிலை என்றால் தொடரும் கூடுதல் நேரத்துக்கு ஜப்பானியர்களும்கூட ‘கோல்டன் ஸ்கோர்’ என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சொற்களை ஆங்கில எழுத்து வழியாகப் படித்துவிட்டு ‘மேட்டி’ என்றும் ‘இப்பான்’ என்றும் எழுதாதீர்கள். ஜப்பானிய மொழியில் குறில், நெடில் வித்தியாசம் உண்டு, நமக்கும் உண்டு. எகர, ஒகரத்தில்கூட நமக்குக் குறிலும் நெடிலும் தனித்தனியே இருக்கின்றன, ஆங்கில எழுத்தில் அந்த வசதி இல்லை. அவர்களுடைய இரட்டை மெய்யும் நம் ‘த்த’, ‘ப்ப’வில் அப்படியே உட்காருகிறது. ‘மத்தெ’, ‘இப்பொன்’ என்று தமிழில் எழுதினால் உச்சரிப்பு ஆங்கிலத்தைவிட நெருக்கமாக வரும். க, ப போன்றவற்றில் ஒலிப்பு வேறுபாட்டைக் காட்ட முடியாதது நம் பக்கத்துக் குறை, அதைப் பயிற்சியாளர் வாயால் திருத்திக்கொடுத்துவிடலாம்.

முந்தைய கடிதம் எழுதிய வாசகருக்கு என் பதில் இதுதான்: பெல்ட் தேர்வில் மாற்றம் வேண்டும். பல இடங்களில் இன்றும் பெயரைக் கேட்கிறார்கள், பிள்ளை ஒப்பிக்கிறது, அடுத்த பெல்ட் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தமிழில் அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள், பிறகு அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கரிக்கும் ஹராய்க்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பச்சை பெல்ட் பிள்ளையால் சொந்த வார்த்தையில் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பெல்ட்டைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம், தப்பே இல்லை. உங்கள் விளையாட்டுப் பக்கத்திலும் அடுத்த பெரிய ஜூடோ போட்டியின்போது, முடிவுக்குப் பக்கத்தில் எந்த வீச்சு, என்ன புள்ளி என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஒரு ஜூடோ பயிற்சியாளர்,
ஈரோடு