அடுத்து என்ன கேக்கணும்னு முடிவு பண்றவங்களுக்கு ஒரு மெட்டல் ரசிகனோட திறந்த மடல்

மியூசிக் ஸ்ட்ரீமிங் கம்பெனிகள்ல "உங்களுக்கு இது பிடிக்கலாம்"னு சொல்ற அல்காரிதம் எழுதுற இன்ஜினியர்களுக்கும், ப்ளேலிஸ்ட் போடுறவங்களுக்கும், ஆப்ல எந்தத் தகவல் தெரியணும் எது தெரிய வேணாம்னு முடிவு பண்ற பெரியவங்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பாட்டை எங்களுக்குக் கொடுத்துட்டீங்க, ஆனா பாட்டோட ஒட்டிக்கிட்டு வந்த பேரையெல்லாம் உருவி எடுத்துட்டீங்க. எந்த லேபிள் (ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனி), யார் ட்ரம்ஸ், அவர் இதுக்கு முன்னாடி எந்த பேண்ட்ல இருந்தார், யார் ப்ரொட்யூஸ் பண்ணது, கவர் வரைஞ்சது யாரு, உள்ள இருக்கற தாங்க்ஸ் லிஸ்ட்ல எந்தெந்த பேண்ட் பேரெல்லாம் இருக்கு, இதெல்லாம் பழைய கேசட், சிடி உறைல பொடி எழுத்துல இருக்கும். மெட்டல்ங்கற இரைச்சலான ராக் இசைல பேர் தெரியாத ஒரு பேண்டை ஒருத்தன் கண்டுபிடிக்கறதே இந்த பொடி எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு போய்த்தான். அதை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

உங்க கணக்கு எப்படி ஓடுதுன்னு ஓரளவு தெரியும்ங்க. அயர்ன் மெய்டன் கேக்கறவங்கள்ல நிறைய பேர் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டும் கேப்பாங்க, அதனால மெய்டன் போட்டா ப்ரீஸ்ட்டைக் காட்டறீங்க, ப்ரீஸ்ட் போட்டா டியோ, டியோ போட்டா சபாத், சபாத் போட்டா மறுபடி மெய்டன், செக்கு மாடு மாதிரி அதே வட்டம். அந்த பேண்டையெல்லாம் குறை சொல்லல, அவங்க இல்லன்னா இந்த இசையே இல்ல. ஆனா இந்த வட்டத்துக்குள்ள வரவே முடியாத ஆள் ஒருத்தர் இருக்கார், இன்னும் அதிகம் பேர் கேக்காத பேண்ட். கூட சேத்துக் கேட்டவங்க இல்லாததால அது எதோடயும் ஜோடி சேராது, ஜோடி சேராததால நீங்க காட்ட மாட்டீங்க, காட்டாததால யாரும் கேக்க மாட்டாங்க, யாரும் கேக்காததால ஜோடி சேராது. சரி பாட்டோட சத்தத்தையே அளந்து பாப்போம்னு டெம்போ, எனர்ஜின்னு நீங்க போடற கணக்கும் இங்க பெருசா உதவாது, ஏன்னா எங்க ஆளுங்க பெரும்பாலும் வேகம், பெரும்பாலும் இரைச்சல், மீட்டர் அனேகமா மேல முட்டிக்கிட்டுதான் நிக்கும்.

பேரைப் பிடிச்சுப் போறதுன்னா என்னன்னு ஒரு உதாரணம் சொல்றேன். பிரேசில் பேண்ட் செபுல்டுரா எல்லாருக்கும் தெரியும், 1996ல வந்த ரூட்ஸ் ஆல்பத்தோட பேராவது காதுல விழுந்திருக்கும். ஆனா அவங்களோட முதல் ரெக்கார்ட் 1985ல வந்தது, ஓவர்டோஸ்னு இன்னொரு பேண்டோட ஆளுக்கொரு பக்கம் பங்கு போட்டுக்கிட்டது. வெளியிட்டது பிரேசில்ல பெலோ ஹொரிசோன்ச்சி நகரத்துல ரெக்கார்ட் கடையா இருந்து லேபிளா மாறின கோகுமேலோ. அந்த லேபிள் பேரை வெச்சுக்கிட்டு தேடினீங்கன்னா 1986ல அவங்க போட்ட வார்ஃபேர் நாய்ஸ்ங்கற தொகுப்பு கிடைக்கும், அதுல சர்கோஃபாகோ, முட்டிலேட்டர், சாகால்னு ஒரு கூட்டமே நிக்குது. சர்கோஃபாகோவோட பாடகர் வாக்னர் ஆரம்பத்துல செபுல்டுராவுல இருந்தவர். 1987ல சர்கோஃபாகோ போட்ட ஐ.என்.ஆர்.ஐ ஆல்பத்தைத்தான் பின்னாடி நார்வேல ப்ளாக் மெட்டல்ங்கற வகையை ஆரம்பிச்ச பசங்க தலைல தூக்கி வெச்சு ஆடினாங்க. பாருங்க, ஒரே ஒரு லேபிள் பேர், அதைப் பிடிச்சதும் பிரேசில்லேருந்து நார்வே வரைக்கும் வழி திறந்துடுச்சு. உங்கள்ல பலரோட ஆப்ல அந்த லேபிள் பேர் இருந்தா, ஆல்பத்தோட அடில சாம்பல் கலர்ல, தொட்டாலும் எங்கயும் போகாத எழுத்தா இருக்கும்.

நார்வேக்கு வந்துட்டதால இன்னொண்ணு. மேஹெம் பேண்டோட கிட்டாரிஸ்ட் யூரோனிமஸ் டெத்லைக் சைலன்ஸ்னு ஒரு சின்ன லேபிள் வெச்சிருந்தார். 1993ல அதுல ஒரு ஜப்பான் பேண்டோட முதல் ஆல்பம் வந்தது, டோக்கியோவைச் சேர்ந்த சை. இன்டர்நெட் வீட்டுக்கு வீடு வராத காலம், டோக்கியோவுல ரெக்கார்ட் பண்ண பாட்டு ஆஸ்லோவுக்குப் போய்ச் சேர்ந்தது தபால்லயும் கேசட் மாத்திக்கற பழக்கத்துலயும்தான். சை இன்னிக்கும் ஆல்பம் போட்டுக்கிட்டு இருக்கு, ப்ளாக் மெட்டலுக்குள்ள சாக்ஸஃபோன் சத்தம் கேட்டா பயப்படாதீங்க, அது அவங்கதான். இந்தத் தொடர்பு கேட்டவங்களோட எண்ணிக்கையை வெச்சு தெரிய வராது, லேபிளைப் பாத்தாதான் தெரியும்.

லேபிள் மட்டும் இல்ல. மெட்டாலிகா 1987ல மத்த பேண்டுகளோட பாட்டைத் தாங்களே வாசிச்சு, அஞ்சு பாட்டு இருக்கற ஒரு கவர் ரெக்கார்ட் போட்டாங்க, அதுலேருந்தே வேல்ஸோட பட்ஜி, ஸ்காட்லாந்தோட ஹோலோகாஸ்ட்னு எத்தனை பேர் எத்தனை பேண்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. இந்தப் பாட்டை முதல்ல எழுதினது இன்ன பேண்ட், தொட்டா அவங்க பக்கத்துக்குப் போகும்னு ஒரு லிங்க் வைக்க உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? துனிசியாவோட மிராத் பேண்டை எடுத்துக்கோங்க, 2011ல வந்த டேல்ஸ் ஆஃப் த சாண்ட்ஸ் ஆல்பத்தை ப்ரொட்யூஸ் பண்ணவர் அடாஜியோங்கற ஃப்ரெஞ்சு பேண்டோட கீபோர்டிஸ்ட் கெவின் காட்ஃபெர்ட். அடாஜியோ பிடிச்சவங்களுக்கு அரபு மெலடியோட வர்ற ப்ரோக்ரஸிவ் மெட்டல் பிடிக்க நிறைய சான்ஸ் இருக்கு, ஆனா ரெண்டையும் இணைக்கற அந்த ஒரு பேர் மூணு மெனுவுக்குள்ள பதுங்கிக் கிடக்கு, நிறைய பழைய ஆல்பத்துக்கு அதுவும் கிடையாது.

வருஷம் வேற. பழைய ஆல்பத்தோட சத்தத்தை மெருகேத்தி ரீமாஸ்டர்னு மறுபடி விட்டா அந்த வருஷத்தை ஒட்டிடறீங்க. 1987 ஆல்பம் ஏதோ போன மாசம் வந்த மாதிரி தெரியுது, அதைக் கேக்கற சின்னப் பையன் "இவங்க நார்வேக்காரங்களைக் காப்பி அடிச்சிருக்காங்க"ன்னு நினைப்பான், நடந்தது தலைகீழ். முதல்ல வெளிவந்த வருஷம்னு தனியா ஒரு கட்டம் போடுங்க, அவ்ளோதான்.

அடுத்தது பேர்க் குழப்பம், இதுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் பென்டக்ராம். அமெரிக்காவுல 1971லேருந்து இருக்கற டூம் மெட்டல் பென்டக்ராம் ஒண்ணு. சிலியோட சாண்டியாகோவுல எண்பதுகள்ல வந்த டெத் மெட்டல் பென்டக்ராம் ஒண்ணு. துருக்கியோட இஸ்தான்புல்லேருந்து வந்த பென்டக்ராம் இன்னொண்ணு, அவங்க வெளிநாட்டு ரிலீஸுக்கு மெசார்கபுல்னு வேற பேர் வெச்சுக்கிட்டாங்க. இதுல சிலிக்காரங்க கதை ஆச்சரியமானது, 1987ல போட்ட டெமோ (சாம்பிள்) கேசட்டாலயே பேர் வாங்கிட்டாங்க, ஆனா முதல் முழு ஆல்பம் வந்தது 2013ல. முழு ஆல்பம் இருந்தாதான் பேண்டுன்னு ஒரு கணக்கு போட்டீங்கன்னா நடுவுல இருக்கற அத்தனை வருஷமும் அவங்க இல்லாத மாதிரியே ஆயிடும். நாடும் ஆரம்பிச்ச வருஷமும் பேருக்குப் பக்கத்துல போட்டா போதும், ஒரு பென்டக்ராமோட பாட்டு இன்னொரு பென்டக்ராமோட பக்கத்துல போய் விழாது.

இதெல்லாம் முடியாத காரியம்னு சொல்லிடாதீங்க. மெட்டல் ஆர்க்கைவ்ஸ்ங்கற வெப்சைட் 2002லேருந்து ஓடுது, ஒன்றரை லட்சத்துக்கும் மேல பேண்ட் இருக்கு, நாடு, லேபிள், இப்ப இருக்கறவங்க, முன்னாடி இருந்தவங்க, அவங்க வேற எந்த பேண்ட்ல வாசிச்சாங்கன்னு எல்லாம் தொட்டுத் தொட்டுப் போகலாம். அதை ஏத்தினது பெரும்பாலும் சம்பளம் வாங்காத ரசிகர்கள். உங்ககிட்ட சர்வர் இருக்கு, ஆள் இருக்கு, லேபிள்காரங்க பாட்டை அனுப்பறப்பவே கூட அனுப்பற விவரமும் இருக்கு. எவ்ரி நாய்ஸ் அட் ஒன்ஸ்னு ஆயிரக்கணக்கான இசை வகைகளை ஒரே வரைபடத்துல போட்டுக் காட்டின க்ளென் மெக்டொனால்ட், உங்க தொழில்லயே இருந்தவர்தானே? 2023 டிசம்பர்ல ஸ்பாட்டிஃபைல நடந்த ஆள்குறைப்புல அவருக்கும் வேலை போச்சு, வரைபடமும் அதுக்கப்புறம் பழைய மாதிரி புதுசாகல. எந்த வேலைக்கு உங்ககிட்ட மதிப்புன்னு அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டோம்.

காசு விஷயம் வேகமா சொல்லிட்டுப் போயிடறேன், அது தனி லெட்டருக்கான விஷயம். உங்கள்ல ஒரு பெரிய கம்பெனி 2024லேருந்து, பன்னெண்டு மாசத்துல 1000 தடவை கூட ஓடாத பாட்டுக்கு ராயல்டி கிடையாதுன்னு விதி கொண்டு வந்துச்சு. பாட்டைக் காட்டாம இருக்கறதும் நீங்க, ஓடலன்னு காசை நிறுத்தறதும் நீங்க. என்னங்க நியாயம் இது?

ப்ளேலிஸ்ட் போடுறவங்ககிட்ட ஒரு கேள்வி. உலக மெட்டல்னு நீங்க லிஸ்ட் போட்டா ஏன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வெளில இருந்து வர்றவங்க கைல எல்லாம் ஒரு நாட்டுப்புற வாத்தியம் இருந்தே ஆகணும்? மங்கோலியாவோட த ஹூ, தைவானோட ச்தானிக், நியூசிலாந்துல மாவோரி மொழில பாடற ஏலியன் வெப்பன்ரி, எல்லாரும் எனக்கும் பிடிச்சவங்கதான். ஏலியன் வெப்பன்ரி 1864ல நடந்த கேட் பா சண்டையைப் பத்திப் பாடறப்ப அது அவங்க முன்னோர் கதை, அலங்காரத்துக்கு வெச்சது கிடையாது. ஆனா இந்தோனேசியாவோட பாண்டுங்லேருந்து வர்ற பர்கர்கில், பெங்களூரோட க்ரிப்டோஸ் மாதிரி, ரெண்டு கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், அதோட சரின்னு வாசிக்கறவங்களும் இருக்காங்களே. க்ரிப்டோஸ் எண்பதுகளோட ஹெவி மெட்டலை அப்படியே நெஞ்சு நிமித்தி வாசிக்கும், அதுல சித்தார் எதிர்பார்த்தா உங்க தப்பு. ஒரு ஸ்வீடன் பேண்ட் சாதாரண டெத் மெட்டல் போட்டா அது டெத் மெட்டல், அதையே போட்ஸ்வானாவோட ஓவர்த்ரஸ்ட் போட்டா வேடிக்கைப் பொருள்னு ஆக்கிடாதீங்க. தோல் ஜாக்கெட்டும் கௌபாய் தொப்பியும் போட்ட போட்ஸ்வானா ரசிகர்களோட ஃபோட்டோ உலகம் பூரா சுத்திச்சு, அதுல பத்துல ஒரு பங்கு பேராவது ஓவர்த்ரஸ்ட்டையும் ஸ்கின்ஃப்ளின்ட்டையும் கேட்டிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்தான்.

அப்புறம் லிஸ்ட் போட்டவங்க பேரையும் போடுங்க. 1982ல ப்ரையன் ஸ்லேகல் மெட்டல் மாஸக்கர்னு ஒரு தொகுப்பு போட்டார், மெட்டாலிகாவோட பாட்டு முதல்முதலா ரெக்கார்ட்ல வந்தது அதுலதான், முதல் பதிப்புல பேண்ட் பேரையே ஒரு எழுத்து கூட்டி தப்பா அச்சடிச்சிருந்தாங்க. தப்போட வந்தாலும் அது ஒரு ஆளோட ரசனை, அவர் சொன்னா கேக்கலாம்னு ஒரு நம்பிக்கை வரும், பிடிக்கலன்னா இவர் டேஸ்ட் நமக்கு ஒத்து வராதுன்னு ஒதுங்கிடலாம். "எங்க டீம்"னு போட்டா யாரை நம்பறது, யாரைத் திட்டறது? இந்தோனேசியாவோட கருட்ங்கற ஊர் பக்கத்துல மூணு ஸ்கூல் பொண்ணுங்க மெட்டலுக்கு வந்தது அவங்க வாத்தியாரோட கம்ப்யூட்டர்ல இருந்த பாட்டைக் கேட்டு. 2014ல வாய்ஸ் ஆஃப் பசெப்ரோட்னு பேண்ட் ஆரம்பிச்சாங்க, 2024ல இங்கிலாந்துல க்ளாஸ்டன்பரி இசை விழா மேடைல நின்னாங்க, அந்த விழாவுல வாசிச்ச முதல் இந்தோனேசிய பேண்ட். ஒரு மனுஷன் இன்னொருத்தர் காதுல போட்டதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

நாடு போடுங்கன்னு கேக்கறேன்ல, அதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. சவூதி அரேபியாவோட அல்-நம்ரூத் 2008லேருந்து ப்ளாக் மெட்டல் போடறாங்க, அவங்க யாருன்னு வெளில தெரியாது, மேடை ஏறவும் முடியாது, ஆல்பம் வர்றது கனடாவோட ஒரு லேபிள் வழியா. ஈரான்ல கன்ஃபெஸ் பேண்டோட ஆளுங்களை 2015ல இசைக்காகவே கைது பண்ணாங்க, பின்னாடி நார்வேல அடைக்கலம் தேடிப் போனாங்க. இவங்களை மாதிரி இருக்கறவங்ககிட்ட ஃபோட்டோ கொடு, அடையாளம் கொடு, டூர் தேதி போடு, அப்பதான் மேல காட்டுவேன்னு சொல்லாதீங்க. எந்த விவரம் வெளில தெரியணும்ங்கறதை பேண்டே முடிவு பண்ணட்டும், காலியா விட்ட கட்டத்துக்காக யாரையும் கீழ தள்ளாதீங்க.

தேடற பெட்டியையும் கொஞ்சம் பாருங்க. அரபு, ரஷ்யன், ஜப்பான் எழுத்துல பேர் வெச்சிருக்கற ஆல்பத்தை வேற எழுத்துல அடிச்சுத் தேடினா கிடைக்கணும். இது வருஷக்கணக்கா எல்லாரும் புலம்பறது, விளக்கமா சொல்ல எதுவும் இல்ல.

எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ண முடியாதுன்னு எனக்கும் தெரியும், மீட்டிங் வைப்பீங்க, அடுத்த காலாண்டுன்னு தள்ளுவீங்க. அதனால ஒண்ணே ஒண்ணு முதல்ல பண்ணுங்க, லேபிள் பேரைத் தொட்டா அந்த லேபிள் வெளியிட்ட எல்லாம் முதல்ல வந்த வருஷ வரிசைல வரணும். அல்காரிதத்தைத் தொடவே வேணாம், அது பாட்டுக்கு மெய்டனையும் ப்ரீஸ்ட்டையும் காட்டிக்கிட்டு இருக்கட்டும். கென்யாவோட டூமாவை வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நைரோபிலேருந்து வந்த ரெண்டு பேர், 2020ல அவங்க ஆல்பத்தைப் போட்டது உகாண்டாவுல, கம்பாலாவோட ந்யெகே ந்யெகே டேப்ஸ், அது மெட்டல் லேபிளே கிடையாது, பெரும்பாலும் எலக்ட்ரானிக் இசை போடறவங்க. க்ரைண்ட்கோர்ங்கற அதிவேக இரைச்சல் வகையைத் தேடி வந்தவன் அந்த லேபிள் பேரைத் தொட்டு எங்க போய் நிக்கறான்னு உங்க டேட்டாவுலயே தெரியும், அதைப் பாத்துட்டு மீதியைப் பேசலாம்.

இப்படிக்கு,
ஆல்பம் கவரோட பின்பக்கத்தைத் தேடிக்கிட்டு இருக்கற ஒரு மெட்டல் ரசிகன்